'செங்கிஸ்கானின் வாரிசு': ரஷ்ய டைட்டில் அட்டைகளோடு பிரதி இருக்கா?

நண்பர்களே, சோவியத் இயக்குநர் புடோவ்கினின் இந்த 1928 மௌனப் படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் போட உதவி வேண்டும். இதில் வசனமெல்லாம் காட்சிகளுக்கு நடுவே டைட்டில் அட்டைகளில் எழுத்தாகத்தான் வரும். மங்கோலிய வேட்டைக்காரனாக நடித்த வலேரி இன்கிஷினோவ், சைபீரியாவில் வாழும் மங்கோலிய வழி மக்களான புர்யாத் இனத்தவர். ஹாலிவுட்டில் வெள்ளையருக்கு மேக்கப் போட்டு ஆசியராகக் காட்டிய காலம் அது! சாம் என்ற பௌத்த மடாலய முகமூடி நடனத்தில் ஆடுவதும் நிஜ லாமாக்கள் (பௌத்த துறவிகள்)தான். இதைத் தமிழில் கட்டாயம் பார்க்க வேண்டும்.

1949இல் ஒலி சேர்த்த பிரதி வேண்டாம். மௌனப் பட பிரேமில் ஒலித்தடம் ஏறினால் இடது ஓரம் வெட்டுப்படும். கூட்டக் காட்சிகளில் ஓரத்து முகங்கள் போய்விடும்.

கோப்பின் பிரேம் வேகத்தையும் மொத்த நீளத்தையும் மறக்காமல் எழுதுங்கள். நொடிக்கு 25 பிரேம் ஓடும் கோப்புக்குப் போட்ட சப்டைட்டிலை 24இல் ஓட்டினால், 2 மணி நேர முடிவில் சுமார் 5 நிமிடம் முந்திவிடும்.

ரஷ்யன் தெரிந்தவர்கள் டைட்டில் அட்டைகளைச் சரிபார்த்துத் தர முடியுமா?