பிரெஞ்சு பொதுவாக்கெடுப்பு வந்தா தமிழ்ல விளக்கக் கூட்டம் எப்படி நடத்தலாம்?

கோவிந்தசாலைக்காரன்:
பாண்டியில பிரெஞ்சு குடியுரிமை உள்ள வீடுகள்ல பல பெரியவங்களுக்கு பிரெஞ்சு காதுக்குப் பழக்கம், படிக்க வராது. பாரிஸ்ல அடுத்து பொதுவாக்கெடுப்பு அறிவிச்சா, எந்தப் பக்கமும் சாயாம தமிழ்ல கூட்டம் வைக்கணும். 2005-ல வாக்கெடுப்புக்கு வந்த ஐரோப்பிய அரசியல் சாசனம் மாதிரி 448 பிரிவு ஒப்பந்தம்னா எங்க ஆரம்பிக்கிறது?

முத்தியால்பேட்டை வாசகர்:
ஒப்பந்தத்தை ஓரமா வைங்க, முதல்ல கேள்வி. 2005 மே 29 அன்னிக்கு கேட்டது ஒரே வாக்கியம்: ஐரோப்பிய அரசியல் சாசன ஒப்பந்தத்தை உறுதிசெய்ய அனுமதிக்கும் சட்ட முன்வரைவை ஏற்கிறீர்களா? இதுல வழுக்குற இடம், 'உறுதிசெய்தல்', 'ஏற்றல்' ரெண்டுக்கும் 'ஒப்புதல்'னு ஒரே சொல்லைப் போட்டுடறது. ஒருத்தர் தமிழாக்கட்டும். மூலத்தைப் பார்க்காத இன்னொருத்தர் அதைத் திரும்ப பிரெஞ்சாக்கட்டும். மூலமும் திரும்பி வந்த பிரெஞ்சும் எங்க பிசகுதோ அங்கதான் கூட்டத்துலயும் குழப்பம் வரும்.

அப்புறம் ஒரே தாள்: 'ஆம்' ஜெயிச்சா மறுநாள் எந்தச் சட்டம் மாறும், 'இல்லை' ஜெயிச்சா எது அப்படியே இருக்கும். பெரிய எழுத்து, ஒரு பக்கத்துக்கு மேல வேண்டாம்.

கடலூர் ஓ.டி.:
தாள் சரி, ஆனா சண்டை வர்றது மேடையில. அயர்லாந்துல 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு, அரசு பொதுப்பணத்தை ஒரு பக்கத்துக்கு மட்டும் செலவழிக்கக் கூடாதுன்னு. உங்க மண்டப வாடகை, மைக், டீ எல்லாத்துக்கும் இதே அளவுகோல் வைங்க. ஆம், இல்லை தரப்புக்குத் தலா 10 நிமிஷம், யார் முதல்ல பேசறதுன்னு சீட்டுப் போட்டுக்கலாம். கேள்விகளைத் துண்டுச்சீட்டுல வாங்குங்க. மைக்கைக் கூட்டத்துல விட்டா நாலு பேர் முழு நேரத்தையும் தின்னுடுவாங்க.

இன்னொண்ணு: பேச்சு ஜனாதிபதி பக்கம் திரும்பும்போது நடத்துறவர் இழுத்துப் பிடிக்கணும். இல்லன்னா கேள்வியை விட்டுட்டு ஆளைப் பார்த்து வாக்கு விழும். உதாரணமா பிரான்ஸ்ல 1969 ஏப்ரல் 27 வாக்கெடுப்புக் கேள்வி பிராந்தியங்கள், செனட் (மேலவை) சீர்திருத்தம் பத்தி. தோத்தா பதவி விலகுவேன்னு அப்போதைய ஜனாதிபதி தெகோல் முன்கூட்டியே சொல்லிட்டார். 'இல்லை' சுமார் 52 சதவீதம், மறுநாள் விலகினார்.

கோவிந்தசாலைக்காரன்:
நம்ம ஊர்லயே, பாண்டியை இந்தியாவோட இணைக்கிறது பத்தி நடந்த 1954 கீழூர் வாக்கெடுப்பை உதாரணமா சொல்லலாமா?

முத்தியால்பேட்டை வாசகர்:
வேண்டாம். அதுல வாக்களிச்சது தேர்ந்தெடுக்கப்பட்ட 178 பிரதிநிதிகள்தான் (170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு). பிரெஞ்சு பொதுவாக்கெடுப்புல ஒவ்வொரு வாக்காளரும் நேரடியா வாக்களிக்கணும். எடுத்தவுடனே குழப்பிடும்.

லாஸ்பேட்டை 8:
போடற முறையை மறந்துடாதீங்க, பட்டன் அமுக்கிப் பழகின கை இது. 'உய்'னு (ஆம்) ஒரு தாள், 'நோன்'னு (இல்லை) ஒரு தாள் இருக்கும். ரெண்டையும் எடுத்து, மறைப்புக்குள்ள போய், ஒண்ணை மட்டும் உறையில போடணும். டிக் அடிச்சாலோ, கையெழுத்துப் போட்டாலோ, கிழிச்சாலோ செல்லாது. ரெண்டு தாளையும் ஒரே உறையில போட்டாலும் செல்லாது. வெறும் உறை வெற்று வாக்கா தனியா எண்ணப்படும், ஆம்-இல்லை கணக்குல சேராது. வெள்ளைத்தாள்ல மாதிரி அடிச்சு ஆளுக்கு ஒரு தடவை போட வைங்க, பத்து நிமிஷ வேலை.

வெளிநாட்டுல இருக்கிற பிரெஞ்சு வாக்காளர்களுக்கு இணைய வாக்கு பிரெஞ்சு நாடாளுமன்றக் கீழவைத் தேர்தலுக்கு உண்டு, பொதுவாக்கெடுப்புக்குக் கிடையாது. நேர்ல போகணும், இல்லன்னா பதிலாள் (உங்க சார்பா வாக்களிக்க நீங்க நியமிக்கிறவர்). பதிலாளும் உங்க வாக்குச்சாவடிக்கே வந்து போடணும். பெயர் தூதரகப் பட்டியல்ல சேர வழக்கமான கெடு, வாக்கு நாளுக்கு முந்தின 6-வது வெள்ளி. அதனால முதல் கூட்டத்தை அந்தக் கெடுவுக்கு முன்னாடியே வைங்க.