அம்மாச்சியிடம் யார் சொல்வது?

குழு: அம்மாச்சி வீடு
2023 செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை

காலை 10:34

கம்பம் அத்தை: குணசேகரன் இறந்துவிட்டாராம்

அம்மா: எந்தக் குணசேகரன் மதினி? மில்லுக்காரரா?

கம்பம் அத்தை: எதிர்நீச்சல் சீரியலில் வருகிறவர்

போடி சித்தி: சும்மா கிளப்பிவிடுவார்கள். யூடியூப்காரர்கள் யாரை உயிரோடு விட்டார்கள்

நான்: உண்மைதான் சித்தி. எல்லாச் சேனலிலும் ஓடுகிறது. நடிகர் மாரிமுத்து. காலையில் டப்பிங் பேசும்போது நெஞ்சுவலி.

போடி சித்தி: ஐயோ

போடி சித்தி: நேற்று ராத்திரி ஒன்பதரைக்குக்கூட அந்தக் கத்துக் கத்தினாரே

அம்மா: பாப்பா, அம்மாவிடம் சொல்லிவிடாதே

போடி சித்தி: நான் எதற்குச் சொல்கிறேன். கண்ணில் கட்டுப் பிரித்ததே நேற்றுத்தான். அழுதால் என்ன ஆவது

கம்பம் அத்தை: அழுவார்களா? அவனைத் திட்டாத நாள் உண்டா

போடி சித்தி: அதுதான் மதினி பயமே. அப்புறம் சொல்கிறேன்

காலை 10:52

பெரிய மாமா: எல்லோருக்கும் வணக்கம். செய்தி உண்மை. உறுதி செய்துகொண்டு எழுதுகிறேன். மாரிமுத்து நம் மாவட்டத்துக்காரர். வருசநாட்டுப் பக்கம் பசுமலைத்தேரி. டைரக்டர் ஆக வேண்டும் என்று 1990-இல் வீட்டைவிட்டுச் சென்னைக்குப் போனவர். முதலில் ஓட்டலில் சர்வர் வேலை. புத்தகம் படிக்கிற பழக்கம் இருந்ததால் கவிஞர் வைரமுத்துவிடம் உதவியாளராகச் சேர்ந்தார். அங்கிருந்து ராஜ்கிரணிடம் உதவி இயக்குநர். 1993-இல் அரண்மனைக் கிளி, 1995-இல் எல்லாமே என் ராசாதான். பிறகு வசந்த், எஸ்.ஜே.சூர்யா என்று பலரிடம் வேலை பார்த்தார். சொந்தமாக முதல் படம் எடுத்தது 2008-இல். கண்ணும் கண்ணும். பிரசன்னா கதாநாயகன். இடையில் பதினெட்டு வருடம். மீதியை இன்னொரு மெசேஜில் எழுதுகிறேன்.

சின்ன மாமா: பதினெட்டு வருடம்.

கம்பம் அத்தை: தம்பி, இப்போது அது எதற்கு

சின்ன மாமா: அண்ணன் எழுதியதைத்தான் திரும்ப எழுதினேன்

சென்னை மச்சான்: இந்தச் செய்தி அழிக்கப்பட்டது

அம்மா: என்னப்பா போட்டு அழித்தாய்

சென்னை மச்சான்: ஒன்றுமில்லை அத்தை. ஸ்டூடியோ வாசலில் இருக்கிறேன். இங்கே யாருக்கும் வேலை ஓடவில்லை.

போடி சித்தப்பா: நம் பெரிய அண்டா யார் வீட்டில் இருக்கிறது? கோவிலில் கேட்கிறார்கள்

அம்மா: அப்புறம் பேசலாம் தம்பி

போடி சித்தப்பா: இல்லை, ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டுமாம்

காலை 11:09

பெரிய மாமா: தொடர்ச்சி. அடுத்த படம் 2014-இல் புலிவால். அதற்கு முன்பே, 2011-இல், மிஷ்கின் இயக்கிய யுத்தம் செய் படத்தில் போலீஸ்காரராக நடித்துவிட்டார். நடிப்பு அங்கேதான் பிடித்துக்கொண்டது. 2018-இல் பரியேறும் பெருமாளில் கதாநாயகியின் அப்பா. மகளையும் விட முடியாமல், சாதிக்காரர்களையும் எதிர்க்க முடியாமல் நிற்கிற மனிதர். கடைசிக் காட்சியில் அவர் பேசுவதைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். இவ்வளவுக்கும் பிறகுகூடத் தெருவில் பத்துப் பேரை நிறுத்திக் கேட்டால் அவர் பேரை ஒருவர்தான் சொல்லியிருப்பார். 2022 பிப்ரவரியில் எதிர்நீச்சல் வந்தது. அதற்கப்புறம் ஆதி குணசேகரனைத் தெரியாத வீடு கிடையாது. ஐம்பதைத் தாண்டிய வயதில் வந்த புகழ் அது.

நான்: போன மாதம்தான் ஜெயிலர் வந்தது

பெரிய மாமா: ஆமாம். ஆகஸ்ட் 10. அதிலும் இருக்கிறார்.

அம்மா: நல்ல நேரம் வரும்போது இப்படியா

கம்பம் அத்தை: ஜோசியக்காரர்களோடு டிவியில் அந்தச் சண்டை போட்டாரே. அதனால்தான் என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள்

சென்னை மச்சான்: பெரியம்மா, தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். மனதில் பட்டதைச் சபையில் பயமில்லாமல் கேட்டார், அவ்வளவுதான். காலையில் டப்பிங், அப்புறம் ஷூட்டிங், நடுவில் சினிமா. வாரம் ஆறு நாள் ஓடுகிற சீரியலுக்கு எபிசோட் கையில் நிற்கவே நிற்காது. எடுக்க எடுக்கப் போய்விடும். உடம்பு கொஞ்சம் சரியில்லை என்றால்கூட, நாம் படுத்தால் நாற்பது பேருக்கு வேலை நின்றுவிடும் என்று எழுந்து வருகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். ஜாதகத்தில் ஏன் தேட வேண்டும்?

கம்பம் அத்தை: நான் சொல்லவில்லைப்பா. பேசிக்கொள்வதைச் சொன்னேன்

சென்னை மச்சான்: வலி வந்ததும் டப்பிங் அறையிலிருந்து வெளியே வந்து, தானே காரை ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். யாரையும் கூப்பிடவில்லை.

கம்பம் அத்தை: தானே ஓட்டினாரா

கம்பம் அத்தை: இங்கேயும் ஒருவர் இருக்கிறார். போன வாரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். கேட்டால் வாயுவாம். பூண்டு தட்டிப் போட்டுப் பால் காய்ச்சு என்றார்

அம்மா: அண்ணே???

போடி சித்தி: எங்களிடம் ஏன் சொல்லவில்லை மதினி

கம்பம் அத்தை: சொன்னால் திட்டுவார்

பெரிய மாமா: அது வாயுதான். அன்றைக்கு மொச்சை சாப்பிட்டேன். அதைப் பெரிதாக்க வேண்டாம்.

போடி சித்தி: ஈசிஜி எடுத்தீர்களா அண்ணே

பெரிய மாமா: இப்போது பேச்சு மாரிமுத்துவைப் பற்றி.

அம்மா: எங்களுக்கு உங்களைப் பற்றித்தான் அண்ணே

நான்: மாமா, இன்றைக்கே போகலாமே. நான் கூட வருகிறேன்

பெரிய மாமா: திங்கட்கிழமை பார்க்கலாம்.

கம்பம் அத்தை: பார்த்தீர்களா. நம் வீட்டுக் குணசேகரன் என்று நீங்கள் எல்லோரும் பேர் வைத்தது சும்மாவா

காலை 11:40

போடி சித்தி: அம்மா கேட்கிறார், எல்லோரும் ஏன் போனிலேயே இருக்கிறீர்கள் என்று. அண்டா விஷயம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்

போடி சித்தப்பா: அண்டா யாரிடம்தான் இருக்கிறது?

அம்மா: பாப்பா, ஏதோ பயம் என்றாயே, என்ன அது

போடி சித்தி: [குரல் பதிவு 0:52]

நான்: பஸ்ஸில் இருக்கிறேன், கேட்க முடியவில்லை. எழுதுங்கள் சித்தி

போடி சித்தி: டாக்டர் இன்னும் கொஞ்ச நாள் டிவி பார்க்கக் கூடாது என்றார். அதனால் கட்டிலில் படுத்துக்கொண்டே காதால் கேட்கிறார். முகம் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டால் ஆத்திரம் இன்னும் கூடுகிறது. நேற்று அந்த மருமகள்களைக் குணசேகரன் ஏதோ சொன்னார். அம்மா எழுந்து உட்கார்ந்து “உனக்கு நெஞ்சு வெடிக்கும்டா” என்று கத்தினார். இதே வார்த்தை.

அம்மா: ஐயோ கடவுளே

கம்பம் அத்தை: ஒரு ஆளிடமும் சொல்லிவிடாதே

போடி சித்தி: தன் வாய்தான் பலித்தது என்று நினைத்துவிடுவார். தாத்தா விஷயத்திலேயே இன்றுவரை அப்படித்தானே சொல்லிக்கொண்டிருக்கிறார்

சின்ன மாமா: டிவியையே போடாதே. கேபிள் போய்விட்டது என்று சொல்

போடி சித்தி: சின்னண்ணே, தண்ணீர் பிடிக்க வருகிற பக்கத்து வீட்டக்கா போதும். மத்தியானத்துக்குள் வந்துவிடுவாள்

அம்மா: அவளை வாசலிலேயே நிறுத்து

போடி சித்தி: நிறுத்துகிற ஆளா அவள்

சென்னை மச்சான்: போடி அத்தை, அப்பத்தாவிடம் நான் பேசட்டுமா?

சின்ன மாமா: இவன் பேசி?

அம்மா: தம்பி, அவன் சொல்லட்டும். முதலில் கேட்போம்

சென்னை மச்சான்: அப்பத்தாவுக்குக் குணசேகரனைத்தான் தெரியும். மாரிமுத்துவைத் தெரியாது. அவரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். நம் பக்கத்து மலையடிவாரத்துப் பிள்ளை, ஓட்டலில் தட்டு எடுத்தவர், அத்தனை வருடம் கிளாப் போர்டும் சீன் பேப்பருமாக அலைந்தவர் என்று. வில்லனாக நடிப்பவருக்குத் திட்டுத்தான் சம்பளம் அப்பத்தா, நீங்கள் திட்டினால் அவருக்கு அது பாராட்டு, அவர் குறை வைக்கவில்லை என்று சொல்ல வேண்டும். அதற்கப்புறம் இறந்ததைச் சொல்லலாம்.

அம்மா: சரியாகத்தான் படுகிறது

சென்னை மச்சான்: இன்னொன்றும் இருக்கிறது. சீரியலில் நிறைய பேருக்கு வேறு யாராவதுதான் குரல் கொடுப்பார்கள். இவர் தானே பேசினார். டப்பிங் அறை என்றால் சின்னதாக, சத்தம் புகாதபடி அடைத்த அறை. காதில் ஹெட்போன், எதிரே திரை. ஷூட்டிங்கில் ஒருமுறை கத்தியதை, உதட்டசைவுக்கு ஏற்றபடி, அதே கோபத்தோடு அடிவயிற்றிலிருந்து மறுபடியும் கத்த வேண்டும். சரியாக உட்காராவிட்டால் இன்னொரு டேக். “ஏய் இந்தாம்மா” என்று நாம் சிரித்துச் சிரித்து ரீல்ஸ் போட்டோமே, அதற்குப் பின்னால் அவ்வளவு மூச்சு போயிருக்கிறது. அப்பத்தா முகம் பார்க்காமல் குரலுக்கே எழுந்து உட்கார்ந்தார் என்றால் அந்த உழைப்புக்குத்தான்.

நான்: இதை அப்படியே அம்மாச்சியிடம் சொல்லுங்கள் மச்சான்

பெரிய மாமா: நன்றாக எழுதியிருக்கிறாய். ஒரு சேர்க்கை. இயக்குநர் திருச்செல்வத்தையும் சொல்ல வேண்டும். கோலங்கள் எடுத்தவர். பெண்களை அடக்குகிற ஆளை எழுதி, அவனையே மக்கள் உட்கார்ந்து பார்க்கும்படி செய்தது அவர் எழுத்து. மாரிமுத்து அதை முழுக் கொடுமைக்காரனாக மட்டும் பேசவில்லை. இடையில் ஒரு அசட்டுத்தனம், ஒரு கிராமத்துப் பேச்சு, அம்மாவிடம் மட்டும் ஒரு பம்மல். எல்லோர் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கிறார் என்று தோன்றியதே, அது

கம்பம் அத்தை: தோன்றியது, தோன்றியது

பெரிய மாமா: முடிக்கவிடு.

போடி சித்தி: சீரியலில் நாற்பது சதவீதச் சொத்துப் பங்கு விஷயத்தில் அந்த வீட்டு அப்பத்தா கைரேகை போன அன்று நம் அம்மா சோறே சாப்பிடவில்லை

சின்ன மாமா: நம் வீட்டுப் பங்கு விஷயமும் அப்படியேதான் கிடக்கிறது

அம்மா: தம்பி!

பெரிய மாமா: அதைப் பொங்கலுக்கு உட்கார்ந்து பேசுவதாகத்தானே முடிவு.

சின்ன மாமா: எந்தப் பொங்கலுக்கு

மதியம் 12:25

நான்: யாரோ ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். சீரியலில் நெஞ்சில் வலி வந்து வந்து போகிறது என்று அவரே பேசுகிற காட்சி. இங்கே போடட்டுமா?

அம்மா: வேண்டாம்டி. பார்க்க முடியாது

கம்பம் அத்தை: நான் பார்த்துவிட்டேன். மாமாவிடம் காட்டினேன். சத்தமே இல்லை

பெரிய மாமா: வசனம் எழுதியவர் எழுதியது. தற்செயல்.

கம்பம் அத்தை: நீங்கள் படியில் உட்கார்ந்தது யார் எழுதியது

பெரிய மாமா: நாளை உடலைப் பசுமலைத்தேரிக்குக் கொண்டுவருகிறார்களாம். நான் போகிறேன். கண்டமனூர், கடமலைக்குண்டு வழியாகப் போனால் வருசநாடு. நம் மண்ணிலிருந்து போய் இவ்வளவு உயர்ந்தவருக்கு ஒரு மாலை போட வேண்டாமா.

கம்பம் அத்தை: இந்த வெயிலில், அந்தக் கூட்டத்தில்? ஈசிஜி எடுத்துவிட்டுப் போங்கள்

பெரிய மாமா: திரும்பி வந்து எடுக்கிறேன்.

அம்மா: அண்ணே, எடுத்துவிட்டுப் போனால் என்ன

போடி சித்தி: சின்னண்ணே, நீங்கள் கூடப் போங்கள்

சின்ன மாமா: எனக்கு மோட்டார் வேலை இருக்கிறது

சென்னை மச்சான்: நானும் இன்று ராத்திரி பஸ் ஏறுகிறேன். யூனிட்டில் சிலர் வருகிறார்கள், அவர்களோடு. பெரியப்பா, தேனி பஸ் ஸ்டாண்டில் நில்லுங்கள். காலையில் முதலில் ஈசிஜி, அப்புறம் சேர்ந்தே போகலாம்.

பெரிய மாமா: யோசிக்கிறேன்.

கம்பம் அத்தை: யோசிக்கிறேன் என்றால் பாதிச் சம்மதம். நீ வா கண்ணு

அம்மா: வீட்டுக்கு வருவாய்தானே?

சென்னை மச்சான்: போடிக்கு வந்து அப்பத்தாவைப் பார்க்கிறேன் அத்தை

அம்மா: அதைக் கேட்கவில்லை

மதியம் 12:48

சின்ன மாமா: அக்கா, பஸ்ஸுக்குப் பணம் இருக்கிறதா என்று அவனைக் கேள்

அம்மா: அவன் இதே குழுவில்தான் இருக்கிறான் தம்பி

சென்னை மச்சான்: இருக்கிறது அத்தை

சின்ன மாமா: சரி

போடி சித்தி: அதெல்லாம் நாளைக்கு. இன்று ராத்திரி ஒன்பதரைக்கு நான் என்ன செய்வது, அதைச் சொல்லுங்கள்

அம்மா: அவன் இப்போதே போனில் பேசட்டும்

கம்பம் அத்தை: வேண்டாம், நேரில் வந்து கையைப் பிடித்துக்கொண்டு சொல்லட்டும். இன்றைக்குக் கேபிள் போய்விட்டது

போடி சித்தி: நாளைக்குள் பக்கத்து வீட்டக்கா சொல்லிவிடுவாளே

பெரிய மாமா: நான் என் கருத்தை விரிவாக எழுதுகிறேன். பத்து நிமிடம்.

போடி சித்தி: பக்கத்து வீட்டக்கா குடத்தோடு வந்துவிட்டாள். இருங்கள்

போடி சித்தப்பா: அண்டா நம் வீட்டு மச்சிலேயே இருந்தது. கண்டுபிடித்துவிட்டேன்