கருத்தடை மாத்திரை போடும்போதே ஃபோலிக் ஆசிட்: உங்களுக்கு எப்படி இருந்தது?

திருப்பூர்

கல்யாணமான புதுசுல கொஞ்ச நாள் குழந்தை வேண்டாம்னு நானும் வீட்டுக்காரரும் பேசி வெச்சோம். மாலா-டிங்கிற கருத்தடை மாத்திரை போட்டுட்டு இருக்கேன். தை பொறந்ததும் நிறுத்திடலாம்னு டாக்டரம்மாகிட்ட கேட்கப் போனா, "நிறுத்தினதுக்கு அப்புறம் இல்லம்மா, இன்னைக்கே ஆரம்பி"ன்னு ஃபோலிக் ஆசிட்ங்கிற வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்தாங்க.

மெடிக்கல்ல இருந்த தம்பி ரெண்டு அட்டையையும் மாத்தி மாத்திப் பார்த்தார். "ரெண்டும் உங்களுக்குங்களா?" வீட்ல அதுக்கு மேல. அலமாரியில சத்து மாத்திரையைப் பார்த்த அத்தை முகமெல்லாம் சிரிப்பா வந்து, "ஏங் கண்ணு, விசேஷமா?"ன்னு கையைப் பிடிச்சுட்டாங்க. "இன்னும் இல்லைங்கத்தை, அதுக்கு முன்னாடியே போடணுமாம்"னேன். அவங்களுக்குப் புரியவே இல்லை.

டாக்டரம்மா சொன்னது இதுதான். குழந்தையோட மூளையும் தண்டுவடமும் உருவாகிற குழாய், கரு உண்டாகி 28 நாளுக்குள்ள மூடிடும். நாள் தள்ளிப்போய், டெஸ்ட் பண்ணி, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள அந்த வேலை முடிஞ்சே போயிருக்கும். அதனால கரு தங்குறதுக்கு ஒரு மாசம் முன்னாடியாவது தினமும் 400 மைக்ரோகிராம் உடம்புக்குள்ள போகணும். கருத்தடை மாத்திரையை நிறுத்தின முதல் மாசமே கரு தங்கலாம். அப்போ மாத்திரை போடுற காலத்துலேயே ஆரம்பிக்கிறதுதானே சரி? ஃபோலிக் ஆசிட்டால கருத்தடை மாத்திரையோட வேலை கெடாதுன்னும் சொன்னாங்க. வேற யாராவது இப்படிப் போட்டிருக்கீங்களா?

திண்டுக்கல் பக்கம், கிராம செவிலியர்

எங்க ஊர்ல இதைத் தினமும் கேட்கிறாங்க. மாலா-என், மாலா-டி அட்டையில 28 மாத்திரை. 21 ஹார்மோன், வேற நிறத்துல இருக்கிற கடைசி 7-ம் இரும்புச்சத்து. கருத்தடை மாத்திரையும் சத்து மாத்திரையும் சேரக் கூடாதுன்னா, அரசாங்கமே ஒரே அட்டையில வெச்சுக் கொடுக்குமா? அந்த 7 மாத்திரையைத் தூக்கிப் போடுறவங்களைப் பார்த்தா எனக்கு மனசு கேட்காது. ரத்தசோகை இல்லாத வீடே இங்க அபூர்வம்.

கவனிக்க வேண்டியது வாந்திதான். ஒரு பொண்ணு காலையில வெறும் வயித்துல, அட்டையில இல்லாத தனி இரும்பு மாத்திரையையும் கருத்தடை மாத்திரையையும் ஒண்ணாப் போட்டு, கொஞ்ச நேரத்துல எல்லாத்தையும் எடுத்துட்டா. ஹார்மோன் மாத்திரை போட்டு ரெண்டு மணி நேரத்துக்குள்ள வாந்தி வந்தா இன்னொண்ணு போடணும். அந்தப் பொண்ணுக்கு ஹார்மோன் மாத்திரையை ராத்திரி படுக்கும்போதும், இரும்பு மாத்திரையை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறமும் மாத்தி வெச்சோம், சரியாப் போச்சு. டீ, காபியோட மட்டும் இரும்பு மாத்திரை வேண்டாம், உடம்புல ஒட்டாது. மலம் கருப்பாப் போறதுக்குப் பயப்படாதீங்க.

கருத்தடை மாத்திரையோட வேலையைக் குறைக்கிறது வேற மருந்துகள். டிபிக்குக் கொடுக்கிற ரிஃபாம்பிசின், வலிப்புக்குப் போடுற சில மாத்திரைகள். அதெல்லாம் சாப்பிடுறவங்க டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லிடுங்க.

சென்னை

எனக்குக் குழந்தை பிளான் இப்போதைக்கு இல்லை. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சனைக்காக (பிசிஓடி) ஹார்மோன் மாத்திரை போடுறேன். முடி நல்லா வளரும்னு ஆபீஸ்ல சொன்னாங்கன்னு கர்ப்பிணிகளுக்கான மல்டிவைட்டமின் வாங்கினேன். முடியில ஒரு மாற்றமும் இல்லை, மலச்சிக்கல்தான் பாடாப் படுத்துச்சு. ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், "ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்புல சேர்ந்திருக்கிற இரும்போட அளவு) எல்லாம் நல்லா இருக்கு, உனக்கு எதுக்கு இவ்வளவு இரும்பு?"ன்னு நிறுத்தச் சொல்லிட்டார். ஃபோலிக் ஆசிட் மட்டும் தொடரச் சொன்னார்.

மதுரை

தைராய்டு மாத்திரை போடுறவங்க கவனிங்க. இரும்பு, கால்சியம் இருக்கிற சத்து மாத்திரைக்கும் அதுக்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி வேணும்.

நாகர்கோவில்

முதல் தடவை ஸ்கேன்ல பிள்ளைக்கு முதுகெலும்பு மூடலைன்னு தெரிஞ்சது. அந்தக் கர்ப்பம் நிக்கல. உடம்பு தேறட்டும்னு டாக்டர் கருத்தடை மாத்திரை கொடுத்தாங்க. கூடவே ஃபோலிக் ஆசிட், ஆனா எல்லாருக்கும் கொடுக்கிற அளவு இல்லை, 5 மில்லிகிராம். ஒரு தடவை இப்படி ஆனவங்களுக்குத் தினமும் 4 மில்லிகிராம் கொடுத்தா திரும்ப வர்றது 72 சதவீதம் குறையுதுன்னு 1991-லேயே பிரிட்டன்காரங்க பல நாடுகள்ல நடத்தின ஆய்வு காட்டிடுச்சாம். அதைக் கேட்டப்போதான் இன்னொரு பிள்ளையைப் பத்தி நினைக்கவே எனக்குத் தைரியம் வந்தது. திருப்பூர் தங்கச்சி, உங்க பொறந்த வீட்லயோ வீட்டுக்காரர் வீட்லயோ யாருக்காவது இப்படி நடந்திருக்கான்னு அத்தைகிட்ட கேட்டுட்டு டாக்டர்கிட்ட சொல்லுங்க. போட வேண்டிய அளவே மாறலாம்.