ஆடியில் பகிர்ந்த விதை: உங்கள் ஊரில் என்ன ஆச்சு?

தர்மபுரி, நகரப்பகுதி (தொடங்கியவர்)

இந்த ஆடியில் நம் தோட்டக் குழுவில் எல்லோருக்கும் ஒரே டப்பாக்களிலிருந்துதான் விதை எடுத்துக் கொடுத்தோம். கொடி அவரை, பீன்ஸ், பீர்க்கன், தக்காளி. ஐப்பசி பிறந்துவிட்டது. ஒருவருக்கு வந்தது இன்னொருவருக்கு வரவில்லை என்று ஆளாளுக்குப் புலம்பல் கேட்கிறது. விதையைத் திட்டுவதற்கு முன், அவரவர் ஊர் நிலவரத்தை இங்கே எழுதினால் நல்லது.

என் பங்கைச் சொல்கிறேன். மொட்டை மாடி, போர் தண்ணீர். பீர்க்கன் பந்தல் தாங்காத அளவுக்குக் காய்த்தது. பீன்ஸ் பூத்ததோடு சரி. வெயில் ஏறிய நாளெல்லாம் பூ கொட்டிவிட்டது. தக்காளி பரவாயில்லை. ஆனால் தொட்டி விளிம்பிலெல்லாம் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறது. எலுமிச்சையில் நரம்பு பச்சையாக இருக்க, நடுவில் இலை மஞ்சளாகிவிட்டது. இது வேறு யாருக்காவது உண்டா?

ஓசூர்

அண்ணா, அதே பீன்ஸை நான் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்துத் தீர்க்க முடியவில்லை! எங்கள் ஊர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம், உங்கள் ஊர் அதில் ஏறக்குறைய பாதிதான். தொப்பூர் கணவாய் ஏறிவிட்டோம், எல்லாம் ஒரே மேட்டு நிலம் என்று நினைத்துக்கொள்கிறோம். பீன்ஸ் அப்படி நினைப்பதில்லை. நீங்கள் அடுத்த முறை ஐப்பசி கடைசியில் போட்டுப் பாருங்கள், பூக்கும்போது குளிர்ந்திருக்கும்.

பீர்க்கன் எனக்கு நேர்மாறு. இலையெல்லாம் மாவு தூவியதுபோல் சாம்பல் நோய். புளித்த மோரைத் தண்ணீரில் கலந்து தெளித்ததில் கொஞ்சம் மட்டுப்பட்டது, முழுதாகப் போகவில்லை. செடிகளை நெருக்கி வைத்தால் மோர் ஊற்றியும் பயனில்லை, காற்று போக இடம் வேண்டும்.

ரோஜா வைத்திருப்பவர்களுக்கு: மழை விட்டதும் கவாத்து செய்துவிடுங்கள், அதாவது கிளைகளை வெட்டிவிடுங்கள். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்கு மேலே சாய்வாக வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) தடவுங்கள். இங்கே பசுமைக்குடில்காரர்கள் காதலர் தினமான பிப்ரவரி 14-ஐக் கணக்கில் வைத்து வெட்டுவார்கள். நமக்கு அந்த அவசரம் கிடையாது.

பென்னாகரம்

அக்கா, என் அவரைக் கொடி ஓட்டு மேல் ஏறி அந்தப் பக்கமும் இறங்கிவிட்டது. புரட்டாசி முழுக்கப் பார்த்தாச்சு, ஒரு பூ இல்லை. சாணி எரு, மண்புழு உரம் எல்லாம் போட்டேன். பிடுங்கிவிடலாமா?

பாலக்கோடு

தம்பி, பிடுங்காதீங்க! நம் நாட்டுக் கொடி அவரை பகல் பொழுது குறைந்தால்தான் பூக்கும். ஆடியில் போட்டாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான் மொட்டு வைக்கும், தை வரை காய்க்கும். என் மாமியார் பொங்கல் குழம்புக்கு அவரை கடையில் வாங்கியதே இல்லை. இதையே தையில் விதைத்திருந்தால் பகல் நீண்டுகொண்டே போய் வெறும் கொடிதான் மிஞ்சும். எந்த மாதமும் காய் வேண்டும் என்றால் கொடியேறாத குத்து அவரை போடுங்க, அதற்கு இந்தப் பிடிவாதம் இல்லை. எருவை இப்போதைக்கு நிறுத்துங்க, தழைச்சத்து அதிகமானால் இன்னும் கொடிதான் ஓடும். நுனியை மட்டும் கிள்ளி விடுங்க.

தக்காளியில் எனக்கு இலைச்சுருட்டு வந்தது. எங்களைச் சுற்றி எங்கே பார்த்தாலும் தக்காளித் தோட்டம், அந்த நோயைப் பரப்பும் வெள்ளை ஈக்குக் கேட்கவா வேண்டும். வைரஸ் பிடித்த செடிக்கு மருந்து இல்லை. பிடுங்கி அப்புறப்படுத்தினேன். மீதிச் செடிகளுக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டி, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு மாலையில் தெளித்தேன். காப்பாற்றிவிட்டேன் என்றே சொல்லலாம்.

பர்கூர் பக்கம்

எங்கள் கதை சின்னது. தக்காளி நாற்று மொத்தமும் மயிலுக்கு. விரட்டலாம், அதற்கு மேல் அதை ஒன்றும் செய்யக் கூடாது, சட்டம் இருக்கிறது. இப்போது வலை போட்டிருக்கிறேன். வைக்கோல் மூடாக்குக்குள் ஒரு சாரை இருந்தது. எலி குறைந்திருப்பதால் வீட்டில் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

காவேரிப்பட்டணம்

தர்மபுரி சார், உங்கள் எலுமிச்சைக்கு வருகிறேன். அது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, போர் தண்ணீரின் காரத்தன்மையில் அது வேருக்குக் கிடைக்காமல் அடைபட்டுப் போகிறது. முதிர்ந்த இலை பச்சையாக, கொழுந்து மட்டும் வெளுத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம், கூடவே கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளியுங்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. ஆனால் தண்ணீரை மாற்றாமல் இதையே செய்துகொண்டிருந்தால் வேலை முடியாது. இந்த மழைக்குத் தொட்டிகளைத் திறந்தவெளியில் வைத்து, அடித்துளை வழியே நன்றாக வழிந்தோட விடுங்கள், உப்பு கழுவிப்போகும். ஒரு டிரம்மில் மழைநீர் பிடித்து நாற்றுகளுக்கு மட்டுமாவது வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.ஓ. குடிநீர் இயந்திரத்திலிருந்து கழிவாக வெளியேறும் தண்ணீரைச் சிலர் செடிக்கு ஊற்றுகிறார்கள். நம் மாவட்டங்களின் தண்ணீரில் அது உப்பைத் திரட்டி ஊற்றுவதுதான், வேண்டவே வேண்டாம்.

பென்னாகரம்

நன்றி பாலக்கோடு அக்கா, பிடுங்கவில்லை. காவேரிப்பட்டணம் சார், வாசலில் ஒரு செந்தூரா மாமரம் இருக்கிறது, அதற்கும் மழைநீர் விடலாமா?

காவேரிப்பட்டணம்

வளர்ந்த மரமென்றால் இனிமேல் எந்தத் தண்ணீரும் விடாதீர்கள். மழை நின்றதிலிருந்து பூ எடுக்கும் வரை மா காய்ந்து கிடந்தால்தான் பூங்கொத்து நன்றாக வரும். இப்போது தண்ணீர் காட்டினால் தளிர்த்துவிடும். பிஞ்சு பட்டாணி அளவு வந்த பிறகு பாய்ச்சலாம். கன்று என்றால் கணக்கு வேறு, அதற்குத் தண்ணீர் வேண்டும். எத்தனை வருட மரம்?