அவசரம்: கல்லூரியின் அங்கீகாரம் போய்விட்டது. வேறு கல்லூரிக்கு மாறுவது எப்படி?

நிலாவெளி மாணவன்
உடனே உதவி தேவை. நான் படிக்கும் தனியார் கல்லூரிக்கு இப்போது அங்கீகாரம் இல்லையாம். அலுவலகத்தில் கேட்டால் "வந்துவிடும், பயப்படாதே" என்கிறார்கள். பாதிக்கு மேல் படித்துவிட்டேன், கட்டணமும் முழுதாகக் கட்டியாயிற்று. வேறு இடத்துக்கு மாறினால் படித்ததை ஏற்றுக்கொள்வார்களா, மறுபடி முதலிலிருந்தா? திருகோணமலைக்குள் என்றால் நல்லது.

கிண்ணியாக்காரன்
தம்பி, என்ன பாடநெறி? எந்த மட்டம்? கல்லூரியின் பதிவு போய்விட்டதா, பாடநெறியின் தரஅங்கீகாரம் போய்விட்டதா? இவை இரண்டும் வேறு வேறு.

மட்கோ வாசி
இது வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரில் நடத்தும் டிப்ளோமாவாகத்தான் இருக்கும். இங்கே யாரிடமும் பேசிப் பயனில்லை. அந்த நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்புங்கள்.

பழைய போதனாசிரியர்
சேருவதற்கு முன்பு மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் இணையத்தளத்தைத் திறந்து பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? பதிவுபெற்ற நிறுவனங்கள், அங்கீகாரம் பெற்ற பாடநெறிகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. விளம்பரப் பலகையைப் பார்த்துப் பணம் கட்டிவிட்டுப் பிறகு இங்கே வந்து "அவசரம்" என்று எழுதுவதே இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வழக்கமாகிவிட்டது.

உப்புவெளி அக்கா
சேர், அவர் சேர்ந்தபோது அங்கீகாரம் இருந்திருக்கலாம். பதிவும் தரஅங்கீகாரமும் காலவரையறையோடு தருபவை. புதுப்பிக்காவிட்டால் நடுவழியில் காலாவதியாகும். அதற்குப் பிள்ளையைத் திட்டி என்ன பயன்?

நிலாவெளி மாணவன்
சமையற்கலை. என்.வி.கியூ (தேசிய தொழில் தகைமை) 4ஆம் மட்டம். பாடநெறிக்கான அங்கீகாரம்தான் முடிந்துவிட்டதாம். கல்லூரி இன்னும் நடக்கிறது.

கிண்ணியாக்காரன்
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. தொழிலிடப் பயிற்சிக்குப் போனீர்களா? பயிற்சிப் பதிவேடு யாரிடம் இருக்கிறது?

மட்கோ வாசி
என்.வி.கியூ என்று சொல்லிவிட்டுப் பின்னால் வெளிநாட்டுச் சான்றிதழ் கொடுக்கும் இடங்களும் உண்டு. எதற்கும் அந்த மின்னஞ்சலை அனுப்பி வையுங்கள்.

உப்புவெளி அக்கா
தம்பி, என்.வி.கியூவில் எத்தனை மாதம் படித்தீர்கள், எவ்வளவு கட்டினீர்கள் என்பது அடுத்த நிலையத்துக்குத் தேவையில்லை. எந்தத் தேர்ச்சி அலகை, அதாவது பாடநெறியின் எந்தத் திறன் பகுதியை, முடித்தீர்கள், யார் மதிப்பிட்டுக் கையொப்பமிட்டார் என்பதுதான் கேள்வி. அலகுகள் நாடு முழுவதற்கும் பொதுவான ஒரே தேசிய தேர்ச்சி நியமத்திலிருந்து வருவதால், பதிவேடு ஒழுங்காக இருந்தால் இன்னொரு நிலையத்தால் அதை வாசித்து விளங்கிக்கொள்ள முடியும். சில அலகுகளை மட்டும் முடித்தவர்களுக்கு, முடித்த அலகுகளைக் காட்டும் அடைவுப் பதிவு வழங்கும் ஏற்பாடும் அந்த முறையில் இருக்கிறது.

ஆகவே நாளைக் காலையே போய்ப் பதிவேட்டை வாங்குங்கள். எண்ணெய்க் கறை படிந்திருந்தாலும் பரவாயில்லை, கையொப்பமும் திகதியும் தெரிந்தால் போதும். வரவுப் பதிவின் பிரதி, கட்டணப் பற்றுச்சீட்டுகள், நீங்கள் சேர்ந்த திகதியைக் குறிப்பிடும் கடிதம் ஆகியவற்றையும் கேளுங்கள். கல்லூரி பூட்டப்பட்டுவிட்டால் இவற்றை யாரிடம் கேட்பது? வாயால் சொல்லும் "வந்துவிடும்" உதவாது. எப்போது புதுப்பிக்க விண்ணப்பித்தார்கள் என்பதை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

பிறகு தொழிற்பயிற்சி அதிகாரசபை நிலையத்திலும் தொழில்நுட்பக் கல்லூரியிலும் இந்தப் பாடநெறி இப்போது நடக்கிறதா, இடையில் சேர்ப்பார்களா என்று நேரில் விசாரியுங்கள். பிரதேச செயலகத்தில் மனிதவலு உத்தியோகத்தர் இருப்பார், அவரையும் பாருங்கள். பாசிக்குடாவில் சுற்றுலா ஹோட்டல் முகாமைத்துவக் கல்லூரி இருக்கிறது, ஆனால் தங்குமிடச் செலவையும் யோசிக்க வேண்டும்.

கடற்கரைச் சமையற்காரர்
இவ்வளவு அலைச்சல் எதற்கு? நிலாவெளியில் எந்த ஹோட்டலும் சான்றிதழைப் பார்த்து ஆள் எடுப்பதில்லை. வருகிற பையனிடம் ஒரு கூடை வெங்காயத்தைக் கொடுப்போம். கத்தியைப் பிடிக்கும் விதத்திலேயே தெரிந்துவிடும். மே மாதம் சீசன் தொடங்கினால் கை தெரிந்தவனுக்கு வேலை நிச்சயம்.

கிண்ணியாக்காரன்
செப்டெம்பருக்குப் பிறகு அந்தப் பையனுக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள் அண்ணா? வாடைக்காற்று தொடங்கியதும் பாதி அறைகள் பூட்டப்படுகின்றனவே. வளைகுடாவுக்கு விண்ணப்பிக்கும்போது வெங்காயத்தையா காட்டுவது?

கடற்கரைச் சமையற்காரர்
நான் ஒரு சான்றிதழும் இல்லாமல் டோஹாவில் வேலை செய்தவன்.

பழைய போதனாசிரியர்
அது அந்தக் காலம். 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி தொழிற்பயிற்சி நிறுவனங்கள் பதிவுசெய்தே ஆக வேண்டும். இது தெரியாமல்தான் எல்லோரும் பேசுகிறீர்கள்.

கடற்கரைச் சமையற்காரர்
சட்டம் தெரிந்தவர் ஒரு மீன் சுத்தம் செய்து காட்டட்டும், பார்ப்போம்.

உப்புவெளி அக்கா
சண்டையை வேறெங்காவது வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சமையற்கார அண்ணா சொல்வதில் ஒரு வழி இருக்கிறது. வேலை அனுபவம் உள்ளவர்களுக்கு முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் என்.வி.கியூ எடுக்கலாம். செய்த வேலைக்கான சான்றுகளைக் கோப்பாக்கி மதிப்பீட்டாளர் முன் செய்துகாட்ட வேண்டும். கல்லூரி எதுவும் கிடைக்காவிட்டால், ஒரு ஹோட்டலில் சேர்ந்து சில காலம் வேலை செய்துவிட்டு அப்படிப் போகலாம். வேலைக் கடிதத்தை மட்டும் மறக்காமல் வாங்குங்கள்.

கடற்கரைச் சமையற்காரர்
கடிதம் நான் தருகிறேன். முதலில் வெங்காயம்.

கிண்ணியாக்காரன்
தம்பி இருக்கிறீர்களா? பதிவேடு?

நிலாவெளி மாணவன்
கிடைத்தது. சில அலகுகளில் கையொப்பம் இல்லை. அந்தப் போதனாசிரியர் இப்போது பாசிக்குடாவில் வேலை செய்கிறாராம், பஸ்ஸில் ஏறிவிட்டேன். அக்காவுக்கு நன்றி.

கிண்ணியாக்காரன்
அவர் உண்மையில் மதிப்பிட்ட அலகுகளில் மட்டும் கையொப்பம் வாங்குங்கள். இன்று கையொப்பமிட்டால் இன்றைய திகதியையே போடச் சொல்லி, மதிப்பிட்ட நாளைத் தனியாக எழுதச் சொல்லுங்கள். பழைய திகதியைப் போட்டால் நல்ல அலகுகளையும் சந்தேகிப்பார்கள்.

மட்கோ வாசி
அப்படியானால் இது வெளிநாட்டு டிப்ளோமா இல்லையா?