தெரபிஸ்ட் விடுமுறையில் போனபோது: உங்கள் அனுபவம் என்ன?

என்னை யாரும் அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. அதனாலேயே இதை ட்ராமா, அதாவது ஆறாத மனக்காயம், என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அம்மா நாள்கணக்கில் யாரோடும் பேசாமல் படுத்திருப்பார். நான் என்ன தப்பு செய்தேன் என்று தேடித் தேடியே வளர்ந்தேன்.

மனதில் புதைந்ததைப் பேசிப் பேசி வெளிக்கொணரும் உளப்பகுப்பாய்வு வழியிலான தெரபியில் சிறுவயதுக் கதையைச் சொல்லி முடித்தால் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்தேன். சொன்னேன், இறங்கவில்லை. தெரபிஸ்ட் விடுமுறையில் போனபோதுதான் விஷயம் சூடுபிடித்தது. முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போனார். ஆனாலும் என் பேச்சுதான் அவரைக் களைக்க வைத்துவிட்டது என்று நானே முடிவுகட்டினேன். அவர் திரும்பியதும் சிரித்த முகத்தோடு நலம் விசாரித்தேன், கனமான எதையும் தொடவில்லை. "இன்றைக்கு நீங்கள் என்னைப் பார்த்துக்கொள்கிறீர்கள் போலிருக்கிறதே" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தை அவரிடமே காட்டலாம், அதற்காக அவர் படுத்துவிட மாட்டார் என்று நம்பப் பல மாதங்கள் ஆயின.

ஸ்காட்லாந்து உளப்பகுப்பாய்வாளர் ஃபேர்பேர்ன் 1943-இல் எழுதியது பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. பெற்றோர் கெட்டவர்கள் என்றால் குழந்தைக்குப் போக்கிடமே இல்லை. அதனால் கெட்டதைத் தன்மேல் போட்டுக்கொள்கிறது. நான் திருந்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையாவது அப்போது மிஞ்சுகிறது. "உன் தப்பில்லை" என்று எத்தனை பேர் சொல்லியும் எனக்குள் ஏறாததன் காரணம் இதுதான். குற்ற உணர்வை விட்டால் அந்த நம்பிக்கையையும் சேர்த்து விட வேண்டும்.

மறுமொழி:
எனக்கு நேர்மாறு. என் முதல் தெரபிஸ்ட் வாயே திறக்க மாட்டார், அதுதான் முறையாம். வீட்டில் பார்த்த அதே மௌனம், இங்கே கட்டணத்தோடு. நின்றுவிட்டேன். ஹங்கேரிய உளப்பகுப்பாய்வாளர் ஃபெரென்சி 1932-இலேயே ஜெர்மனியின் வீஸ்பாடன் மாநாட்டில் வாசித்த கட்டுரையில் இதைச் சொல்லிவிட்டார்: பகுப்பாய்வாளரின் குளிர்ந்த ஒதுக்கம் பழைய காயத்தையே மறுபடி நடத்திக்காட்டும், அவர் தன் தவறை ஒப்புக்கொண்டால்தான் நோயாளிக்கு நம்பிக்கை வரும். உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்டுக்கு அந்தக் கட்டுரை துளியும் பிடிக்கவில்லை. இப்போது போகிறவர் ஒருமுறை தாமதமாக வந்துவிட்டு, "உங்களைக் காக்க வைத்தது என் தவறு, அது உங்களை என்ன செய்தது?" என்று கேட்டார். அன்றைய நேரம் முழுக்க அதைப் பற்றித்தான் பேசினோம்.

மறுமொழி:
நோய்ப் பெயர் தேடி அலைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 'வளர்ச்சிக்கால ட்ராமா' என்ற பெயரில் தனி நோயாக்கும் யோசனை 2013-இல் வந்த டிஎஸ்எம்-5-இல் (அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேடு) ஏறவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11-இல் சிக்கலான பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறின் ஒரு வகை) உண்டு. என் மருத்துவச் சீட்டில் 'பதற்றம்' என்று மட்டும்தான் எழுதியிருந்தது. சிகிச்சை அதனால் நின்றுவிடவில்லை.