மறு: ‘மிலிட்டன்ட் டெமாக்ரசி’க்குத் தமிழில் என்ன?

வணக்கம்.

என் கேள்விக்கு நீங்கள் எழுதியவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன். டெல்லி ஆர்.கே. புரத்தில் நாங்கள் நாலைந்து பேர் ஞாயிறுதோறும் கூடி மொழிபெயர்க்கும் கட்டுரை, ஜெர்மனியில் தேர்தல் வழியாக வளர்ந்த பாசிசக் கட்சிகளைப் பற்றியது. மூன்று வாரமாகத் தலைப்பில் வரும் ‘மிலிட்டன்ட் டெமாக்ரசி’யைத் தாண்டவில்லை. தன்னை அழிக்க வரும் கட்சிகளைத் தடை செய்தாவது தன்னைக் காத்துக்கொள்ளும் மக்களாட்சி என்று அதற்குப் பொருள். டீ மட்டும் நிறைய ஆகிறது.

> ‘போர்க்குண மக்களாட்சி’ போதாதா? அகராதியில் அப்படித்தானே இருக்கிறது.

அகராதி சரிதான் ஐயா. ஆனால் ‘போர்க்குணம்’ என்றதும் நம் காதில் தொழிற்சங்க மேடைதான் ஒலிக்கிறது. இந்தத் தொடரை 1937இல் புழக்கத்தில் விட்டவர் கார்ல் லோவன்ஸ்டைன். நாஜிகள் வந்ததும் வேலை பறிபோய் அமெரிக்காவுக்குப் போன சட்ட அறிஞர். அவர் ஆங்கிலத்தில் எழுதினார். பின்னால் ஜெர்மானியர்கள் ‘வேர்ஹாஃப்ட்’ என்றும் சொல்லத் தொடங்கினார்கள். தன்னைக் காத்துக்கொள்ளத் திராணி உள்ளது என்று பொருள். என் அலுவலக இந்தி நண்பரைக் கேட்டேன், யோசிக்காமல் ‘ஜுஜாரு லோக்தந்த்ர’ (போராடும் மக்களாட்சி) என்றார். அவரும் அதே குழியில்தான் விழுந்தார்.

> அரணுடை மக்களாட்சி. எதிர்ச்சொல் அரணிலா மக்களாட்சி. வைமர் குடியரசுக்குப் பொருந்தும்.

அக்கா, சொல்லாக இது எனக்கு ரொம்பப் பிடித்தது. வைமர், அதாவது ஹிட்லருக்கு முந்திய ஜெர்மன் குடியரசு என்றீர்களே, அங்கேதான் இடிக்கிறது. வைமருக்கு அரண் இருந்தது. வெளியுறவு அமைச்சர் ராத்தனாவ் 1922இல் சுட்டுக் கொல்லப்பட்டதும் குடியரசைப் பாதுகாக்கத் தனிச் சட்டமே போட்டார்கள். 1923இல் ஆட்சியைப் பிடிக்க ஹிட்லர் மியூனிக்கில் நடத்திய கலகத்துக்குப் பிறகு நாஜிக் கட்சியைத் தடை செய்தார்கள். ஹிட்லருக்கு 5 ஆண்டுச் சிறை விதித்தார்கள். தீர்ப்பு வந்து ஒன்பது மாதம் முடியுமுன் அவர் வெளியே வந்துவிட்டார், 1925இல் கட்சியும் திரும்பி வந்தது. 1932 ஏப்ரலில் அதன் பழுப்புச் சட்டை அடியாள் படையைத் தடை செய்தார்கள். ஜூனில் புதிய சான்சலர் (பிரதமர்) பாப்பன் அந்தத் தடையை எடுத்துவிட்டார். 1928 தேர்தலில் 2.6 சதவீதம் வாங்கிய கட்சி, 1932 ஜூலையில் 37.3 சதவீதம் வாங்கியது. சுவர் நன்றாகத்தான் நின்றது. சாவிக்கொத்து வைத்திருந்தவர்கள்தான் கதவைத் திறந்தார்கள்.

இத்தாலியிலும் இதே கதைதான். 1921 தேர்தலில் பழுத்த தாராளவாதி ஜொலிட்டி தம் கூட்டணிப் பட்டியலில் முசோலினி ஆட்களுக்கு இடம் கொடுத்தார். 35 பேர் நாடாளுமன்றத்துக்குள் போனார்கள். அடக்கிவிடலாம் என்பது பெரியவர் கணக்கு. அடுத்த ஆண்டு அக்டோபரில் முசோலினி பிரதமர்.

அரண் என்பது வெளிப்பகைக்குக் கட்டுவது. இங்கே பகைவன் வாக்குச்சீட்டோடு வரிசையில் நிற்கிறான். ஜனநாயகத்தின் ஆயுதக் கிடங்கிலிருந்தே ஆயுதம் எடுக்கத்தான் நாடாளுமன்றம் போகிறோம் என்று நாஜித் தலைவர் கோயபல்ஸ் 1928இல் ஒளிக்காமல் எழுதினார். இதற்கு நம்மிடம் பழைய சொல்லே இருக்கிறது, உட்பகை. உட்பகைக்குச் சுவர் உதவாது. ஆள் விழித்திருக்க வேண்டும். அதனால் கட்டடத்தைச் சொல்லும் பெயர்ச்சொல்லை விட்டு வினைக்குப் போகலாம் என்று தோன்றுகிறது:

தற்காக்கும் மக்களாட்சி.

‘தற்காப்பு’ என்று பெயராக்கினால் கராத்தே வகுப்பு ஆகிவிடும், எச்சமாகவே இருக்கட்டும். எதிர்ச்சொல் ‘தற்காவா மக்களாட்சி’. இதைச் சொன்னதும் எங்கள் குழுவில் சிரிப்பு. டெல்லியில் காவா என்றால் காஷ்மீரித் தேநீர். போகட்டும், சென்னையில் யாரும் சிரிக்கமாட்டார்கள்.

> வேலியே பயிரை மேயாதா?

மேயும். போருக்குப் பிந்திய ஜெர்மன் அரசமைப்பின் 21ஆம் பிரிவை வைத்து 1952இல் நவநாஜிகளின் சோஷலிச ரைஷ் கட்சியைத் தடை செய்தார்கள். 1956இல் அதே பிரிவால் கம்யூனிஸ்ட் கட்சியையும் தடை செய்தார்கள். ஹிட்லரின் முகாம்களிலிருந்து மீண்டவர்கள் பலர் இருந்த கட்சி அது. எனவே சொல்லில் பாராட்டுத் தொனி வேண்டாம். ‘அரணுடை’யில் கொஞ்சம் பெருமிதம் ஒட்டியிருக்கிறது, ‘தற்காக்கும்’ வெறுமனே செயலைச் சொல்கிறது. எதிலிருந்து காக்கிறது, யாரை மேய்கிறது என்பதைக் கட்டுரை பார்த்துக்கொள்ளட்டும்.

இதில் பெரிய மறுப்பு இல்லையென்றால் அடுத்த சிக்கலுக்குப் போகலாம். ஜெர்மனியின் தேசிய ஜனநாயகக் கட்சி என்ற தீவிர வலதுசாரிக் கட்சியைத் (பெயரைப் பாருங்கள்!) தடை செய்யும் முதல் முயற்சி 2003இல் கவிழ்ந்தது. கட்சித் தலைமையிலேயே அரசின் உளவாளிகள் உட்கார்ந்திருந்ததுதான் காரணம். இரண்டாம் முறை, 2017இல், நீதிமன்றம் ஒரு நுண்ணிய கோடு கிழித்தது: அந்தக் கட்சி அரசமைப்புக்குப் பகையானதுதான், ஆனால் நோக்கத்தை நிறைவேற்றும் வலு அதற்கு இல்லை, ஆகவே தடைக்குரியது ஆகாது. பகையாக மட்டும் இருப்பது, தடைக்குரியதாகவும் ஆவது என்ற இந்த இரண்டு நிலைக்கும் ஜெர்மனில் இரண்டு தனிச் சொற்கள். முதலாவதற்கு ‘அரசமைப்புப் பகை’ என்று வைத்திருக்கிறேன். இரண்டாவதற்கு ‘அரசமைப்பு விரோதம்’ என்று ஒருவர் சொன்னார், ஆனால் பகையும் விரோதமும் ஒன்றுதானே? ‘முரண்’ சரியா, ‘மீறல்’ சரியா? சட்டம் படித்தவர்கள் சனிக்கிழமைக்குள் எழுதினால் ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பத்திக்குப் போய்விடுவோம்.